அப்பா போயிட்டாரு

அப்பாவைக் கொன்றுவிட்டு ஷாம்பு விளம்பரம் போட்டார்கள்.

கூடத்தில் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நாற்காலியில், மடியில் சாப்பாட்டுத் தட்டோடு. அம்மா தையல் மெஷினுக்குப் பக்கத்து முக்காலியில். மகள் தரையில், சுவரில் சாய்ந்தபடி. டிவியில் ஒருத்தி தலைமுடியைச் சிலுப்பிச் சிலுப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. யாருக்கும் எழுந்து போய் எடுக்கத் தெம்பில்லை. கடைசியில் அப்பாதான் எச்சில் படாத இடது கையால் எடுத்தார்.

"ஐயோ தங்கச்சி, இப்பதாம்மா டிவியில பாத்தேன். எப்பம்மா ஆச்சு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

அப்பாவோடு சேர்ந்து வருஷக்கணக்கில் கதவும் ஜன்னலும் இழைத்த கூட்டாளியின் குரல். விம்மல் கூடம் முழுக்கக் கேட்டது. அப்பா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"நான்தான்டா பேசறேன். சாப்பிட்டுட்டு இருக்கேன்."

எதிர்முனையில் ஒரு அலறல். போன் கீழே விழுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தட்டு கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா அவரை முறைத்தாள்.

"சிரிக்காதீங்க. என்னை உசுரோட விதவையாக்கி ஊருக்கே காட்டியிருக்கானுங்க. உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

மகளுக்குக் காது இரண்டும் கொதித்தன. தன் வாயாலேயே அப்பாவைச் சாகடித்துவிட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

அவளை எல்லோரும் உப்புத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த அன்றைக்கே அவளுடைய அழுகை கரகரவென்றுதான் இருந்ததாம். அப்பா தச்சர். பிரசவ அறைக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "உள்ள யாரு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது?" என்று கேட்டிருக்கிறார். வைத்த பேர் சான்றிதழில் தூங்கிற்று. கூப்பிடுகிற பேர் இதுவாகிப்போனது.

அந்தக் குரலால் அவள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பாட்டு டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வரவேணாம்" என்றார். வளர்ந்த பிறகு, கல்யாண வீடுகளில் கச்சேரி செய்யும் ஒரு இசைக்குழுவிடம் போய்ப் பாடிக் காட்டினாள். குழுத் தலைவர் இரண்டு வரி கேட்டுவிட்டு, "ஜலதோஷம் சரியானதும் வாம்மா" என்று அன்பாக அனுப்பிவைத்தார். அவளுக்கு ஜலதோஷமே இல்லை.

வேலை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ஆளையே உள்ளே போட்டுச் சுற்றலாம் என்கிற அளவுக்குப் பெரிய மெஷின்கள். உலர்ந்து வருகிற படுக்கை விரிப்புகளை இரண்டு பேராக மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து கை சேர்த்து, மறுபடி விலகிப் போய், மறுபடி சேர்ந்து. அவளோடு ஜோடி சேர்ந்து மடிப்பது வயதில் மூத்த ஒரு அக்கா. உதறும்போது ஒரு 'பட்', கை சேரும்போது ஒரு 'தப்'. நாள் முழுக்க இதே தாளம். அந்தத் தாளத்துக்குள்தான் உப்புத்தாளுக்குப் பாட்டு வரத் தொடங்கியது.

மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனபோது முதுகு பிளந்த ஒரு கிதாரை விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அதற்குப் பசை போட்டு, உள்பக்கம் ஒரு பட்டை கொடுத்து ஒட்டித் தந்தார். போனில் பார்த்துப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா தைத்துக்கொண்டே முணுமுணுக்கிற தாலாட்டு மெட்டு அவளுக்குள் ஊறிக் கிடந்தது. அதோடு, தூர தேசத்தில் சோல் என்கிற வகைப் பாட்டுப் பாடும் பாடகிகளை வேறு தேடித் தேடிக் கேட்டாள். அவர்களுக்கும் குரல் கரகரத்தது, உடைந்தது, மேலே போகும்போது கிழிந்தது. ஜலதோஷம் சரியானதும் வரச்சொல்லி யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிசைந்துதான் அவள் தன் பாட்டைச் செய்தாள். வார்த்தையும் அவளே, மெட்டும் அவளே.

அப்பா வேலைக்கென்று வெளியூர் கிளம்பினால் வீடு திரும்ப மாதக்கணக்காகும். அப்படி அவர் போயிருந்த ஒரு சமயம் எழுதியதுதான் இந்தப் பாட்டு:

நீ போன வாசலிலே
நெழல் மட்டும் நிக்குதய்யா
நீ அடிச்ச ஆணியெல்லாம்
உன் பேரச் சொல்லுதய்யா

திரும்பி வந்த அப்பா அதைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நான் அடிச்ச ஆணி எதுவும் பேசாது. பேசினா ஒழுங்கா அடிக்கலைன்னு அர்த்தம்" என்றார்.

டிவி சேனல் ஒன்றின் பாட்டுப் போட்டிக்கு அவளை இழுத்துவிட்டது மடிப்பு அக்காதான். சலவைக்கூடத்தில் அவள் பாடுவதைப் பதிவு பண்ணி, அவளுக்கே தெரியாமல் சேனலுக்கு அனுப்பிவிட்டாள். தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போனாள், அந்தப் பாட்டையே பாடினாள். நிகழ்ச்சி இயக்குநர் பாட்டு முடிகிற வரைக்கும் போனையே நோண்டிக்கொண்டிருந்தார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று யாரோ கேட்க, "ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறேன்" என்று இவள் சொன்னபோதுதான் தலையைத் தூக்கினார். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் தேர்வானவர்கள் வரிசையில் தன் பேரைக் கேட்ட சந்தோஷத்தில் அவளுக்கு வேறெதுவும் உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து கேமராவோடு வீட்டுக்கு வந்தார்கள். அப்பா அன்றைக்கு வெளியூரில் ஒரு பங்களா வேலையில் இருந்தார். வந்தவர்கள் முதலில் ஃபிரிட்ஜை ஒரு துணி போட்டு மூடினார்கள். சோபாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்தார்கள். அதற்கப்புறம் அப்பா செய்த சுவர் அலமாரிக்கு முன்னால் நின்று யோசித்தார்கள்.

"இதை ஏதாவது வெச்சு மறைச்சுடலாமா?" என்றான் உதவி இயக்குநர்.

"எதுக்கு மறைக்கணும்?" என்றாள் அம்மா. "எங்க வீட்டுக்கு வர்றவங்க முதல்ல இதைத்தான் பாப்பாங்க. தேக்கு. அவரே இழைச்சது."

"அதான்மா பிரச்சினை. இவ்ளோ நல்ல அலமாரி இருந்தா கஷ்டப்பட்ட குடும்பம்னு யாரு நம்புவா?"

"நாங்க கஷ்டப்பட்டோம்னு உன்கிட்ட யாருப்பா சொன்னது?"

அவன் அலமாரியை விட்டுவிட்டு, பழைய உடுப்பாக எதையாவது போட்டுக்கொண்டு வரச் சொன்னான். அம்மா உள்ளே போய், இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். அவர்கள் அவள் முகத்தை எடுக்கவே இல்லை. தையல் மெஷினில் ஓடுகிற கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உப்புத்தாளிடம் கேட்டார்கள், இந்தப் பாட்டை எழுதும்போது மனசில் என்ன இருந்தது என்று. அவள் உள்ளதைச் சொன்னாள்.

"அப்பா போயிட்டாரு. வீடே வெறிச்சோடிப் போச்சு. அப்ப எழுதினேன். அவர் போனா வேலை முடிஞ்சு திரும்பி வர ரொம்ப நாளாகும். வரும்போது சட்டையெல்லாம் மரத்தூளா இருக்கும். அம்மா வாசல்லயே நிறுத்தி உதறச் சொல்லுவாங்க. நாங்க சிரிச்சு மாளாது."

கத்தரிக்கோல் எங்கே விழுந்தது என்பதை இப்போது டிவியில் பார்த்தாயிற்று. "அப்பா போயிட்டாரு. வீடே வெறிச்சோடிப் போச்சு." அவ்வளவுதான். அடுத்த நொடியில் ஒரு புல்லாங்குழல் அழுதது. அம்மா ஆசையாக எடுத்துக் கொடுத்த அப்பாவின் சிரித்த படம் கறுப்பு வெள்ளையாகி, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதையடுத்து, சில நாள் முன்னால் மேடையில் அவள் பாடிப் பதிவான பாட்டு. நடுவர் நாற்காலியில் இருந்த அம்மையார் மூக்கை உறிஞ்சினார். அரங்கமே எழுந்து நின்றது. பிறகுதான் ஷாம்பு.

மறுநாள் காலையில் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. வாசலிலேயே "என் தம்பி!" என்று அலறிக்கொண்டு கதவைத் தட்டினாள். முகமெல்லாம் சவர நுரையோடு தம்பியே வந்து கதவைத் திறந்தார். அத்தை ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணம் கைப்பையால் அவரைச் சாத்த ஆரம்பித்தாள்.

"பஸ் பூரா அழுதுட்டு வந்தேன்டா பாவி! பக்கத்து சீட்டுக்காரி எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துத் தேத்தினா!"

"அதுக்கு நான் என்னக்கா பண்றது? செத்துக் காட்டவா?"

அத்தை அதற்கும் இரண்டு போட்டாள். பிறகு தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நுரை தன் கன்னத்திலும் அப்ப, மறுபடியும் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் கதை வேறு மாதிரி போனது. இத்தனை வருஷத்தில் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத டாக்டர்கள் நின்று தோளைத் தட்டினார்கள். ஒரு நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"அப்பா நல்லா இருக்காருங்க," என்றாள் உப்புத்தாள்.

"இருப்பாரும்மா. எங்க இருந்தாலும் நல்லாத்தான் இருப்பாரு."

"இல்லைங்க, வீட்லதான் இருக்காரு."

"ஆமாமா. உங்க கூடவேதான் இருப்பாரு. உங்களை விட்டு எங்க போகப்போறாரு?"

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மடிப்பு அக்கா மட்டும் விரிப்பை ஓங்கி உதறிவிட்டு, "நான் எதுக்குத்தான் அனுப்பித் தொலைச்சேனோ" என்றாள்.

அதுவரைக்கும் அப்பா வருகிறவர்களையெல்லாம் கேலி செய்துகொண்டுதான் இருந்தார். சிரிப்பு நின்றது நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ. லீவு முடிந்து, பங்களா வேலைக்குத் திரும்பக் கிளம்பி, வீட்டுக்காரருக்கு போன் போட்டார். அவர் முதலில் பயந்தார், பிறகு சந்தோஷப்பட்டார், பிறகு சங்கடப்பட்டார். மிச்சக் கதவு ஜன்னல் வேலையை வேறொரு தச்சரிடம் ஒப்படைத்துவிட்டாராம்; அந்த ஆள் மரத்தை அறுக்கவும் தொடங்கிவிட்டாராம். "துக்க வீட்டுக்கு போன் போட்டு வேலையைப் பத்திக் கேக்க மனசு வரலைங்க" என்றாராம். அந்தப் பங்களாவின் வாசல் கதவுக்கு அப்பா தானே ஒரு பூவேலை வரைந்து வைத்திருந்தார். ராத்திரியும் பகலுமாக யோசித்து வரைந்தது. அதை இனி வேறொருவரின் உளி செதுக்கும்.

அப்பா போனை வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். காதில் செருகிய பென்சிலை எடுத்தார். திரும்பக் காதிலேயே செருகினார்.

அன்றைக்கே உப்புத்தாள் சேனல் அலுவலகத்துக்குப் போனாள். வரவேற்பில் உட்காரவைத்தார்கள். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டேயிருந்தாள். கடைசியில் இயக்குநரின் கண்ணாடி அறைக்குள் விட்டார்கள். அவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"வாங்க வாங்க. எபிசோட் பிச்சுக்கிட்டுப் போகுது தெரியுமா? ஜனங்க உங்களைக் கொண்டாடறாங்க."

"எங்க அப்பா உயிரோட இருக்காரு சார்."

"தெரியும்மா."

அவளோ, தவறுதலாக நடந்தது, திருத்திவிடுவார்கள் என்று மனசின் ஒரு மூலையில் இன்னும் நம்பிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

"நாங்க எங்கயாவது அவர் செத்துட்டாருன்னு சொன்னோமா? போட்டுப் பாருங்க. போயிட்டாருன்னு சொன்னது நீங்க. நாங்க கொஞ்சம் மியூசிக் சேத்தோம், அவ்ளோதான்."

"நான் வேலைக்குப் போயிட்டாருன்னு சொன்னேன். அதனால அவருக்கு வேலையே போயிடுச்சு. அடுத்த எபிசோட்ல அவர் உயிரோட இருக்காருன்னு ஒரு வரி சொல்லுங்க. போதும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். சின்னப் பிள்ளைக்கு விளக்குகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"இப்ப சொன்னா உங்களைத்தான் பொய்க்காரின்னு சொல்லுவாங்க. பேசாம விடுங்க. ஃபைனல்ல ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கோம். நீங்க பாடிட்டு இருக்கும்போது பின்னால வெள்ளைத் திரையில ஒரு நிழல் நடந்து வரும். உங்க அப்பா மாதிரியே. தோள்ல ரம்பம். ஒரு நடிகரைப் பேசியாச்சு."

"சார், உயிரோட இருக்கிற மனுஷனை வீட்ல உக்கார வெச்சுட்டு, அவருக்கு நிழலா நடிக்க ஆள் புடிச்சிருக்கீங்களா?"

"கோபப்படாதீங்கம்மா. மனசு விட்டுச் சொல்றேன். இந்தக் குரலை மட்டும் வெச்சுக்கிட்டு நீங்க அடுத்த சுற்றைத் தாண்ட மாட்டீங்க. இந்தக் கதைதான் உங்களைத் தாங்கிப் புடிச்சிருக்கு. கதை போச்சுன்னா நீங்களும் போச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஆள் சொன்னது ஒருவேளை நிஜம்தானோ என்று பயந்தாள். வாயை மட்டும் அசைக்கச் சொன்ன டீச்சரும், ஜலதோஷம் சரியாகட்டும் என்றவரும், இவரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே விஷயத்தைத்தானே சொல்கிறார்கள்? வீட்டுக்கு வரும் வரைக்கும் அந்தப் பயம்தான். வாசலில் அப்பா யாருக்கோ போனில், "இல்லைங்க, நான்தான் பேசறேன், நானேதான்" என்று குழைந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும், பயம் இருந்த இடத்தில் எரிச்சல் பற்றிக்கொண்டது. தன் வீட்டு வாசலில் நின்று தான் உயிரோடு இருப்பதற்கு ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

மறுநாள் சலவைக்கூடத்தில், விரிப்பை உதறுகிற வேகத்தில், புதுச் சரணம் வந்து விழுந்தது. மடிப்பு அக்கா கேட்டுவிட்டு, கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பாடிடுவியா?" என்றாள்.

"பாடிடுவேன்."

அடுத்த சுற்று நேரடி ஒளிபரப்பு. ஒத்திகையில் நல்ல பிள்ளையாகப் பழைய வரிகளை மட்டும் பாடினாள். சாயங்காலம் மேடை. விளக்கு, புகை, பின்னால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஆளுயரத்துக்கு. கிதாரோடு வந்து நின்றாள். 'நீ போன வாசலிலே' என்று தொடங்கியதும் கேமரா அழுகிற முகங்களைத் தேடிக் கிளம்பியது. முதல் நான்கு வரி முடிந்தது. இசை இடைவெளியில் அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

வேலைக்குப் போனவரு
வீடு வந்து சேந்தாரு
டிவியில செத்தவரு
டீ குடிச்சு உக்காந்தாரு

அரங்கத்தில் மேல் வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். மூக்கை உறிஞ்சத் தயாராகியிருந்த நடுவரம்மா கைக்குட்டையை மடியில் வைத்தார்.

பொழைக்கிற மனுசருக்குப்
பொய்யா ஒரு சாவு வெச்ச
புண்ணியவான் யாருன்னு

இந்த இடத்தில் மைக் செத்தது. மேடை இசைக்குழுவின் தலைவர் கையை உயர்த்தி நிறுத்தச் சைகை காட்டினார். கீபோர்டு நின்றது, டிரம்ஸ் நின்றது, வயலின்கள் நின்றன. அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிதார் மட்டும் நிற்கவில்லை. ஓரத்தில் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்த பெண், தலைவரைப் பார்க்காத மாதிரி தரையைப் பார்த்தபடி தொடர்ந்து வாசித்தாள். உப்புத்தாள் மைக்கைத் தள்ளிவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள். பெரிய அரங்கம். அவள் குரல் எத்தனை வரிசை எட்டியிருக்கும் என்று தெரியாது. தொண்டை கிழியக் கடைசி வரியைப் பாடினாள்.

பொறுமையாக் கேக்குறாரு!

எட்டிய வரிசைகள் கை தட்டின. எட்டாத வரிசைகள் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தன. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவும் அப்பாவும் கண்டது, சத்தமே இல்லாமல் வாயசைக்கிற மகளை. அதுவும் இரண்டு நொடிதான். விளம்பரம் வந்துவிட்டது.

விதிமீறல் என்று அன்றைக்கே அவளை வெளியேற்றினார்கள். தொகுப்பாளர், "பாவம், அப்பாவோட நினைவுல ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று கேமராவைப் பார்த்து உருக்கமாகச் சொன்னார்.

அக்கிரமம் அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரமே, தேன் குரல் என்று பேர் வாங்கிய இன்னொரு போட்டியாளரைக் கொண்டு 'நீ போன வாசலிலே'யைப் பாட வைத்தார்கள். சலவைக்கூடத்துக்கு வெளியே, நோயாளிகள் காத்திருக்கிற கூடத்து டிவியில் அதை அவள் கேட்டாள். கரகரப்பு இல்லை, கோபம் இல்லை, ஆணியே இல்லை. சர்க்கரைப்பாகு மாதிரி வழிந்தது. கீழே 'மறைந்த தந்தையருக்கு எங்கள் சமர்ப்பணம்' என்று எழுத்து ஓடியது. எழுதியவள் பேர் எங்கேயும் இல்லை. கையில் அழுக்குத் துணி வண்டியோடு அவள் அங்கேயே நின்றாள். தனக்குப் பிறந்த பிள்ளையை யாரோ குளிப்பாட்டிப் பொட்டலம் கட்டித் தங்களுடையது என்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

சேனலுக்கு போன் செய்தாள். "நிகழ்ச்சியில பாடினதெல்லாம் எங்களோடது மேடம், கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று ஒரு குரல் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேஸ் வாசித்த பெண் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். முதுகில் தன்னைவிட உயரமான பையில் கிதார். அப்பாதான் கதவைத் திறந்தார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கிறதைவிட கலரா இருக்கீங்க" என்றாள். அப்பாவுக்கு அவளை அந்த நொடியே பிடித்துவிட்டது.

"உன்னை எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்டாள் உப்புத்தாள்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்க."

"என்னாலயா?"

"உன்னால ஒண்ணுமில்ல. பாட்டு முடியலை. முடியாத பாட்டை எப்படிப்பா பாதியில விட்டுட்டு நிக்கிறது? கை அதுபாட்டுக்கு வாசிச்சுடுச்சு. உன்கிட்ட வேற பாட்டு இருக்கா?"

"நிறைய இருக்கு."

"எடு. கேப்போம்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அப்பாவின் பட்டறையில் ரம்பத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒத்திகை. காபிக் கடைகளில், நூலகத்து மாடியில், ஆஸ்பத்திரி ஊழியர்களின் ஆண்டுவிழாவில், யாரோ ஒருவரின் மொட்டை மாடியில் பாடினார்கள். சில இடங்களில் பத்துப் பேர். ஒரு இடத்தில் கடைக்காரரும் அவர் பூனையும்தான். போன இடமெல்லாம் 'நீ போன வாசலிலே'யைப் புதுச் சரணத்தோடு பாடினாள். பாடுவதற்கு முன்னால், "இதை எழுதினது நான். இதுல வர்ற அப்பா எங்க அப்பா. அதோ உக்காந்திருக்காரு" என்று சொன்னாள். அப்பா வந்திருந்தால் எழுந்து ஒரு கும்பிடு போடுவார். கூட்டம் சிரிக்கும். பாட்டு முடியும்போது சிரித்தவர்களே முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

சேனலின் வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு போன் செய்தார். அந்தப் பாட்டை மேடையில் பாடக்கூடாதாம், மீறினால் நீதிமன்றமாம். எடுத்தது அம்மா.

"தாராளமா கேஸ் போடுங்க. நானும் என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன். உங்க டிவியில செத்தவரு கூண்டுல ஏறி சாட்சி சொல்லுவாரு. அதையும் உங்க சேனல்லயே நேரடியா காட்டுங்க, ஜனங்க பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விட்ட தையலைத் தொடர்ந்தாள்.

அதற்கப்புறம் அந்த வக்கீல் கூப்பிடவில்லை.

அப்பாவுக்குப் பழையபடி வேலை வர ரொம்ப நாள் பிடித்தது. அந்தப் பங்களாவின் வாசல் கதவு கடைசி வரைக்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் அந்த வழியாகப் பஸ்ஸில் போய், தான் வரைந்த பூ வேறொருவர் கையில் எப்படி வந்திருக்கிறதென்று பார்த்துவிட்டு வந்தார். "இதழ் சரியா விரியலை" என்று மட்டும் சொன்னார். அதை நினைத்தால் உப்புத்தாளுக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

சலவை வேலையை அவள் உடனே விட்டுவிடவில்லை. பகலில் விரிப்பு, சாயங்காலம் பாட்டு. பேஸ்காரியின் நண்பர் ஒருவருடைய சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், காலியாக இருக்கிற நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அந்த நண்பர் முதலில், குரலைக் கொஞ்சம் வழவழவென்று ஆக்கித் தரட்டுமா என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில், கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார். பாட்டுகள் வெளிவந்தன, வாய்மொழியாகவே பரவின. வெளியூர்களிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மேற்பார்வையாளர் இனி லீவு கிடையாது என்று கையை விரித்த அன்றைக்கு, மடிப்பு அக்காவைக் கட்டிக்கொண்டு விடைபெற்றாள்.

டிக்கெட் போட்டு நடந்த அவளுடைய முதல் பெரிய கச்சேரி, நாடகம் போடுகிற ஒரு பழைய அரங்கத்தில். நாற்காலிகள் நிரம்பி, ஓரங்களிலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் அம்மா, அப்பா, அத்தை, மடிப்பு அக்கா. அரங்கத்துக்காரர் மைக்கைப் பிடித்துக் கணீரென்று அறிவித்தார்:

"ஏழ்மையையும் இழப்பையும் தாண்டி வந்து, தன்னோட கண்ணீரால நம்ம எல்லாரையும் அழ வெச்ச..."

உப்புத்தாள் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். மேடையைக் குறுக்கே கடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நிறுத்துங்க," என்றாள். மைக் அதையும் அரங்கத்துக்குச் சொன்னது. "நான் எப்பங்க அழுதேன்?"

அவர் விழித்தார். "இல்லம்மா... ஒரு அறிமுகம்... ஜனங்களுக்கு ஒரு இது வேணும்ல..."

"என்ன இது? இவங்க எல்லாரும் பாட்டுக் கேக்க டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க. என்னைப் பாத்துப் பாவப்பட வரல. நான் பாட்டு எழுதறேன், மெட்டுப் போடறேன், பாடறேன். இதோ இவ பேஸ் வாசிக்கிறா. அதைச் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

முன்வரிசையில் அத்தை, "நல்லாக் கேளுடி!" என்று கத்தினாள். அரங்கத்தில் சிரிப்பும் கைதட்டலும் ஒன்றாகக் கிளம்பின. அரங்கத்துக்காரர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடறவங்க," என்றார். கொஞ்சம் யோசித்து, "பேஸ் வாசிக்கிறவங்களும்" என்று சேர்த்துக்கொண்டார். வேறெதுவும் சொல்லாமல் ஓரமாக இறங்கிப் போனார்.

அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். அவள் முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. கோபம் தணியட்டும் என்று காத்திருக்கவில்லை. அதே மூச்சில், யாரும் இதுவரை கேட்டிராத ஒரு பாட்டைத் தொடங்கினாள்.